வெளுத்துப்போன பெண்களும் கேட்கப்படாத கேள்விகளும்

எங்கள் ஊர்ப் பக்கம் ‘ரத்தசோகை’ என்ற சொல்லைத் தாய்சேய் நல அட்டையில்தான் பார்க்கலாம். வாய்ப்பேச்சில் ‘வெளுத்துப்போயிருக்கா’ என்பார்கள். ‘ரத்தம் சுண்டிப்போச்சு’ என்பார்கள். கீரப்பாளையத்தைச் சுற்றி வீராணம் ஏரியையும் வெள்ளாற்றையும் நம்பி நெல் விளைகிறது. நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. வெளுத்துப்போன பெண்களும் சேற்றில் இறங்கித்தான் ஆகவேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மாலையில் கண் இருட்டுவதும், நெஞ்சு படபடப்பதும் என் அம்மா தலைமுறைக்கு நோயாகப் படவில்லை. பெண் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ‘பெண் என்றால் அப்படித்தான்’ என்பதை மருத்துவமும் பல நூறு ஆண்டுகள் வெவ்வேறு மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தது. பெண்களின் ரத்தம் ஏன் வெளுக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் மருத்துவ உலகம் ஒருமனதாக ஒரு பதில் வைத்திருந்தது. பதில் மாறிய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் எழுந்து ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருக்கிறார். சோகையின் வரலாற்றை அந்தக் கேள்விகளின் வரலாறாகவே நான் படிக்கிறேன்.

கன்னிப் பெண்களின் நோய்

1554இல் ஜெர்மன் மருத்துவர் யோஹான்னஸ் லாங்கே ஒரு நோயை விவரித்தார். இளம்பெண்ணின் முகம் வெளிறுகிறது, படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, இதயம் துடிக்கிறது, உணவு பிடிக்கவில்லை. அதற்கு அவர் ‘கன்னியர் நோய்’ என்று பெயரிட்டார். அவர் சொன்ன மருந்து திருமணம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு ‘குளோரோசிஸ்’ என்ற கிரேக்கப் பெயர் வந்தது. பச்சை கலந்த வெளிறல் என்பது அதன் பொருள். மக்கள் ‘பச்சை நோய்’ என்றார்கள்.

இந்த விளக்கம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு ஏதோ ஒரு வடிவத்தில் பிழைத்திருந்தது. ஒரு காலத்தில் காமம் அடங்காததுதான் காரணம் என்றார்கள். பிறகு இறுக்கமான இடுப்புக்கச்சு, மலச்சிக்கலால் உடலில் ஏறும் நஞ்சு, அதிகப் படிப்பு, நரம்புத் தளர்ச்சி என்று காரணங்கள் மாறின. எல்லாக் காரணமும் பெண்ணின் நடத்தையையோ அவளுடைய உறுப்பையோ சுட்டின. அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

மருந்து கண்ணெதிரே இருந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இரும்பைப் பரிந்துரைத்தார். 1830களில் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ப்ளோ இரும்பு உப்பு மாத்திரைகளால் பெண்களைக் குணப்படுத்திக் காட்டினார். நம் சித்த மருத்துவத்திலும் பாண்டு நோய்க்கு அன்னபேதிச் செந்தூரம் உண்டு. அன்னபேதி என்பது இரும்பு உப்புதான். இருந்தும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதியியல் அறிஞர் குஸ்டாவ் ஃபான் பூங்கே, இரும்பு உப்புகளை உடல் உறிஞ்சிக்கொள்ளாது என்று வாதிட்டார். பெரிய பெயர் என்பதால் பலர் நம்பினார்கள். இரும்பு கொடுத்துப் பெண்கள் தேறியதற்குக்கூட வேறு விளக்கம் தேடினார்கள்.

1890களில் ஸ்காட்லாந்தின் ரால்ஃப் ஸ்டாக்மேன் இரண்டு எளிய வேலைகளைச் செய்தார். முதலில், குடல் வழியாகப் போகாதபடி இரும்பைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினார். ரத்தம் தேறியது. அடுத்து, நோயுற்ற பெண்கள் அன்றாடம் உண்ணும் உணவில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளந்தார். மிகக் குறைவு. மாதவிடாயில் இழக்கும் இரும்பை ஈடுசெய்ய அந்த உணவு போதவில்லை. முந்நூறு ஆண்டுகள் பெண்ணின் ஒழுக்கத்தில் தேடிய காரணம் அவளுடைய சாப்பாட்டில் கிடைத்தது.

லூசி வில்ஸ் கேட்ட கேள்வி

இந்தக் கதையின் அடுத்த கட்டம் இந்தியாவில், நம் சென்னையையும் தொட்டு நடந்தது. 1920களில் பம்பாயில் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் அவர்களில் பலர். அவர்களுடைய சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரும்பு கொடுத்தும் பலனில்லை. கர்ப்பம் உண்டாக்கும் நஞ்சு, குடல் கிருமி, வெப்பநாட்டுக் காலநிலை என்று விளக்கங்கள் உலவின. இந்தியாவில் தாய் இறப்பை ஆராய்ந்துவந்த மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் கேட்டுக்கொண்டதால், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலிருந்து லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது. பெண்களுக்கென்று தொடங்கப்பட்ட லண்டன் மருத்துவப் பள்ளியில் படித்தவர்.

வில்ஸ் எந்த விளக்கத்தையும் எடுத்த எடுப்பில் தள்ளவில்லை. கிருமிதான் காரணம் என்றால் அது அகப்பட வேண்டும். தேடினார், அகப்படவில்லை. காலநிலை காரணம் என்றால் பம்பாயின் எல்லாப் பெண்களுக்கும் நோய் வர வேண்டும். அப்படி வரவில்லை. வசதியான வீடுகளில் அரிதாகவும் ஏழை வீடுகளில், அதிலும் ஏழை முஸ்லிம் பெண்களிடம் மிகுதியாகவும் இருந்தது. அந்த வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், காய்கறி, பால், இறைச்சி எவ்வளவு சேருகிறது என்று கணக்கெடுத்தார். மேத்தா, தல்பதே போன்ற இந்திய ஆய்வாளர்களும் அந்தக் கட்டுரைகளில் இணை ஆசிரியர்களாக இருக்கிறார்கள். குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையத்தில் ஊட்டச்சத்து ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. வில்ஸ் அங்கேயும் வேலை செய்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னையில் கோஷா மருத்துவமனையில் ஆய்வு செய்தார். மேரி ஷார்லிப் 1885இல் தொடங்கிய, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் அறியும் அதே மருத்துவமனை.

பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட உணவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளுக்குச் சோகை வந்தது. இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பேன் மூலம் பரவும் பார்ட்டொனெல்லா என்ற தொற்றும் அந்த எலிகளின் சோகையில் சேர்ந்திருந்தது. தன் வாதத்துக்கு இடைஞ்சலான இந்த உண்மையை வில்ஸும் மேத்தாவும் மறைக்கவில்லை. தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் போட்டு வெளியிட்டார்கள். கேள்வி கேட்பவரின் நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்தச் சோகை குணமாகிறது. அவர் பயன்படுத்தியது மார்மைட் என்ற மலிவான பொருள். மதுவடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுப்பது. அப்போது ‘பெர்னிஷஸ்’ சோகைக்கு ஈரல் சாறு கொடுத்துவந்தார்கள். சுத்திகரிக்காத ஈரல் சாறு கர்ப்பிணிகளின் சோகையையும் குணப்படுத்தியது. சுத்திகரித்த சாறோ பெர்னிஷஸ் சோகைக்குக் கேட்டது, இவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே நோய் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. ஈஸ்ட்டில் வேறொரு பொருள் இருக்கிறது என்பது உறுதியானது. அதைப் பல ஆண்டுகள் ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள்.

அந்தப் பொருள்தான் ஃபோலிக் அமிலம். 1941இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து பிரித்தார்கள். ‘ஃபோலியம்’ என்றால் லத்தீனில் இலை. 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குடலைத் தின்னும் ‘ஸ்ப்ரூ’ நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் ஃபோலிக் அமிலம் மருந்தானது.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வில்ஸின் ஆய்வுக்கு ரத்தம் தந்த பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் கட்டுரைகளில் எண்களாக, மதமாக, வர்க்கமாக மட்டும் இருக்கிறார்கள். ஆலைக் கூலி ஏன் ஒரு குவளைப் பாலுக்குப் போதவில்லை என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளுக்கு வெளியே நின்றுவிட்டது. மார்மைட் உயிரைக் காத்தது. கூலியை அது உயர்த்தவில்லை.

மாத்திரை வந்தது, கேள்வி நின்றது

1970இல் இந்திய அரசு தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கு இலவசமாக வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீலம் என்று வண்ணம் பிரித்துக் கொடுக்கிறார்கள். பள்ளியில் திங்களோ வியாழனோ அந்த நீல மாத்திரையை விழுங்கிய மாணவிகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் உள்ளங்கையில் இருந்ததில் ஸ்டாக்மேனும் வில்ஸும் சுப்பாராவும் இருந்தார்கள்.

மாத்திரை உயிர்களைக் காத்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அரை நூற்றாண்டு கழித்து, 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை என்று வந்தது. ஆண்களில் அது 25 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. ஏன் குறையவில்லை என்று கேட்டால் மருத்துவமனை வராந்தாக்களில் கிடைக்கும் ஒருமித்த பதில்: ‘இவங்க மாத்திரையைச் சாப்பிடறதில்லை.’

என் அத்தை ஒருத்தி மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்கும்போதெல்லாம், ‘சாப்பிட்டேன் நர்சம்மா’ என்றுதான் சொல்வாள். என்னிடம் சொன்னது வேறு: “வயித்தப் பெரட்டுது. வெளிய போனா கருப்பாப் போவுது, இல்லன்னா போவவே மாட்டேங்குது. நடவுல நிக்கிறப்ப அவசரம்னா எங்கடி போயி ஒதுங்கறது?” குமட்டல், மலச்சிக்கல், கருத்த மலம் எல்லாம் இரும்பு மாத்திரையின் தெரிந்த விளைவுகள்தான். கழிப்பறை இல்லாத வயலில் அவை வேறு பொருள் கொள்கின்றன. அத்தை சொன்னது ஒரு மருத்துவச் சான்று. அதை எழுதிக்கொள்ள அட்டையில் கட்டம் இல்லை. ‘கொடுக்கப்பட்டது’ என்ற கட்டம் மட்டும் இருக்கிறது.

பன்னிரண்டு என்ற எண்

இப்போது விவாதம் இன்னொரு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. சோகை என்று எதைச் சொல்வது? ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினுக்குக் கீழே இருந்தால் ஒரு பெண்ணுக்குச் சோகை. கர்ப்பிணிக்கு 11. இந்த எண்களை உலகச் சுகாதார நிறுவனம் 1968இல் வகுத்தது. அதற்கு ஆதாரமாக இருந்தவை சில ஆய்வுகளே. அவையும் பெரும்பாலும் மேற்குலகில் நடந்தவை.

2021இல் இந்திய ஆய்வாளர்கள் சிலர் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவில் 19 வயதுவரையுள்ள ஆரோக்கியமான பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் வரம்பு கீழே வருகிறது என்றார்கள். அந்த வரம்பின்படி சோகை உள்ளவர்கள் 30 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆகக் குறைவார்கள். தேவையில்லாதவர்களுக்கு இரும்பைத் திணிக்கிறோம் என்பது அவர்கள் கவலை. இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தது. குடும்பநலக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். நரம்பிலிருந்து எடுக்கும் ரத்தத்தோடு ஒப்பிட்டால் இந்த அளவு நம்பத்தக்கதா?

எதிர்த்தரப்பும் வலுவானது. தலைமுறை தலைமுறையாக அரைவயிறு உண்ட சமூகத்தில் ‘ஆரோக்கியமானவர்’ என்று யாரை எடுத்துக்கொள்வது? இந்தியப் பெண்ணுக்கு இவ்வளவு ரத்தம் போதும் என்று சொல்வது, பழைய ‘பெண் என்றால் அப்படித்தான்’ என்பதன் புதிய வடிவமாகிவிடாதா? 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பத்தின் இரண்டாம் மும்மாதத்துக்கும் வரம்பைச் சற்றுக் குறைத்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 என்பதை அப்படியே வைத்துக்கொண்டது. நரம்பு ரத்தமே நல்லது என்பதையும் ஏற்றது.

இரண்டு தரப்பையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: அளவீட்டின் மீதான கேள்வி நியாயமானது, அதற்குச் சான்றோடு விடை தேட வேண்டும். என்னைக் கவலைப்படுத்துவது அந்தக் கேள்வி நிர்வாகத்தின் கைக்குப் போகும்போது நேர்வது. 2023இல், ஆறாவது குடும்பநலக் கணக்கெடுப்பில் சோகைப் பரிசோதனை இருக்காது என்ற செய்தி வந்தது. வேறொரு கணக்கெடுப்பு அதை இன்னும் துல்லியமாக அளக்கும் என்றார்கள். துல்லியம் நல்லதுதான். ஆனால் பழைய முறையும் புதிய முறையும் சில ஆண்டுகளாவது அருகருகே இருந்தால்தானே எண் குறைந்ததற்குக் காரணம் பெண்களின் ரத்தமா, அளவுகோலா என்று நமக்குத் தெரியும்? இந்த முடிவு எடுக்கப்பட்ட மேசையைச் சுற்றி நடவுக்குப் போகும் எந்தப் பெண்ணும் இருந்திருக்க மாட்டாள்.

அரிசியில் மிதந்த வதந்தி

விவாதத்தை மூடி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரேஷன் அரிசியே சாட்சி. அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசி முழுவதும் 2024க்குள் செறிவூட்டப்படும் என்று 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் வார்த்த மணிகளைச் சாதாரண அரிசியோடு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். அரிசி களையும்போது அந்த மணிகள் தனி நிறத்தில் தெரிந்தன; சில மிதந்தன. தமிழ்நாடெங்கும் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பேச்சு கிளம்பியது. பெண்கள் முறத்தில் கொட்டிப் பொறுக்கி எறிந்தார்கள்.

அவர்களை அறியாமை என்று சிரிப்பது சுலபம். அவர்கள் கவனமாகப் பார்த்தார்கள், வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். விளக்கம் சொல்ல ஆளில்லாத இடத்தில் வதந்தி விளக்கமானது. இதே வேளையில் மருத்துவர்களிடையே உண்மையான விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. தலசீமியா, அரிவாளணுச் சோகை உள்ளவர்களுக்கு இந்த இரும்பு தீங்காகுமா? செறிவூட்டிய உணவின் உறையில் அவர்களுக்கான எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாளணுச் சோகை உண்டு. கடைக்காரர் எடைபோட்டுப் பையில் கொட்டும் அரிசிக்கு உறை ஏது, எச்சரிக்கை ஏது? பேச வேண்டிய விவாதம் நகரத்தில் முடங்கியது. பேச வேண்டாத வதந்தி கிராமம் முழுக்க நடந்தது.

கேள்வி கேட்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். ‘எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி’ என்று சொல்பவரிடம், எந்தச் சான்றைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. வில்ஸிடம் பதில் இருந்தது: கிருமி அகப்பட்டால் என் எண்ணம் தவறு. கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும் என்பது இன்று ஒருமித்த கருத்து. 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, முன்பே தண்டுவடக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே அதைச் சாப்பிட்டால் அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. இப்படிச் சோதனைகளைத் தாண்டி வந்த கருத்தை நான் மதிக்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஒருமித்த கருத்து

மருத்துவரிடம் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு வீட்டுக்குள் வாய் மூடிக்கொள்வதில் பொருளில்லை. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். ஆட்டின் மண்ணீரல் அது. ரத்தம் ஊறும் என்பது நம்பிக்கை, இரும்புச்சத்தும் அதில் உண்மையாகவே உண்டு. அதே வீட்டில் அதே பெண்ணுக்குப் பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் தண்ணீரையும் குறைப்பார்கள். முதலாவதைச் சோதித்துப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதை, ஏன் என்று கேட்டு விடலாம். பாட்டி சொன்னாள் என்பதற்காக இரண்டையும் சேர்த்து விழுங்க வேண்டியதில்லை. பாட்டி சொன்னாள் என்பதற்காக இரண்டையும் எறியவும் வேண்டியதில்லை.

கடைசியாகச் சாப்பிடுவது பெண்ணின் இயல்பு என்பதும் ஒரு ஒருமித்த கருத்துதான். குழம்பின் அடியில் என்ன மிஞ்சுகிறதோ அது அவள் பங்கு. ஸ்டாக்மேன் அளந்ததும் வில்ஸ் கணக்கெடுத்ததும் இந்த மிச்சத்தைத்தான்.

எனவே மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய காரியமில்லை. உங்களுக்கு ரத்தம் குறைவு என்று யாராவது சொன்னால், எவ்வளவு என்று எண்ணைக் கேளுங்கள். விரலில் எடுத்ததா, நரம்பில் எடுத்ததா என்று கேளுங்கள். இரும்புக் குறைவா, ஃபோலிக் அமிலக் குறைவா, பி12 குறைவா, கொக்கிப்புழுவா, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ரகசியமாக எறியாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு வகையும் வேறு நேரமும் உண்டு. கிராம சபையில் சாலைக்கும் தெருவிளக்குக்கும் மனுக் கொடுக்கிறோம். நம் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை நடந்தது, எத்தனை பேருக்குக் குறைந்திருந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று அதே சபையில் எழுந்து கேட்கலாம். என் அத்தைக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. வயலில் ஒதுங்க இடமில்லை என்று அவள் என்னிடம் மட்டும் சொன்னதை அந்தச் சபையில் சொல்லியிருந்தால், தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாவது ஏறியிருக்கும்.